14 வயதில் சாதனை, 40 வயதில் தங்கம், 42 வயதில் ஒலிம்பிக்: ஜோ பேவி பற்றிப் பேசுவோமா?

ஓட்டக்கிறுக்கன்:

நேற்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. யூடியூபில் பழைய பந்தயங்களைத் தள்ளிக்கொண்டே போனதில் 2014 ஆகஸ்ட் 12, ஜூரிச், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பெண்கள் 10,000 மீட்டர் வந்து மாட்டியது. இருபத்தைந்து சுற்று. ராத்திரி ஒரு மணிக்கு எவனாவது இதை முழுசாக உட்கார்ந்து பார்ப்பானா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன், வீட்டில் திட்டும் வாங்கினேன்.

ஜெயித்தவர் இங்கிலாந்தின் ஜோ பேவி. நேரம் 32:22.39. அவருக்குப் பின்னால் வந்த பிரான்ஸின் கிளெமான்ஸ் கால்வினுக்கு 24 வயது. பேவிக்கு அன்றைக்கு 40 முடிந்து 41 ஆக இன்னும் ஐந்தாறு வாரம்தான். இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வாங்கிய பெண்களிலேயே அதிக வயதுக்காரர் என்ற பெயர் அன்றைக்கு அவருக்கு வந்தது.

எனக்கு வியப்பு அந்த ஒரு நாள் அல்ல. இந்த அம்மா 1988-லேயே, 14 வயதில், 15 வயதுக்கு உட்பட்டோருக்கான 1500 மீட்டரில் பிரிட்டிஷ் சாதனை வைத்தவர். டெவன் மாவட்டத்தில் ஹானிட்டன் என்ற சின்ன ஊர்ப் பெண். அப்புறம் ஒன்பது வருடம் பெரிய மேடை எதிலும் ஆளைக் காணோம். காயம், காயம், அதற்குமேல் காயம். பிசியோதெரபி படித்தார், 1995-ல் கல்யாணம், கணவரோடு முதுகுப் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். திடீரென்று 1997-ல் ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் ஓடுகிறார். உடனே முழங்காலில் அறுவை சிகிச்சை, இரண்டு சீசன் போச்சு. சிட்னி 2000-ல் 5000 மீட்டர் இறுதிப் போட்டியில் 12-வது. ஏதென்ஸ் 2004-ல் 5-வது. 2009-ல் மகன், 2013-ல் மகள். நடுவில் மாரத்தான் வேறு. கடைசியாக 2016 ரியோ, ஐந்தாவது ஒலிம்பிக்.

என் கட்சி இதுதான், அடிக்க வருபவர்கள் வரலாம்: நடுவில் இத்தனை ஓட்டை விழுந்ததால்தான் அவரால் 42 வரை ஓட முடிந்தது. இருபது வயதிலேயே வாரம் 150 கிலோமீட்டர் ஓடிப் பிழிந்து எடுத்திருந்தால் முப்பதில் முடிந்திருக்கும். கால் தேயாமல் மிச்சம் இருந்தது.

வெட்டிப்பேச்சு:

அண்ணே, ஆளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 32:22 எல்லாம் ஒரு டைமா? கென்யாக்காரி, எத்தியோப்பியாக்காரி யாரும் இல்லாத பந்தயத்தில் ஜெயித்துவிட்டு சாம்பியன் என்றால் எப்படி? தெருவில் நாலு வீட்டுக்குள்ளே கோலப் போட்டி வைத்த கதைதான். ஒலிம்பிக் மெடல் ஒன்று உண்டா? கிடையாது. நாற்பது வயது என்பதால் கைதட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஓட்டக்கிறுக்கன்:

வெட்டி, நீ வருவாய் என்று தெரியும்.

32:22 மெதுவான ஓட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். சுற்றுக்கு 77.7 நொடி வருகிறது. சாம்பியன்ஷிப் பந்தயம் அப்படித்தான் போகும், யாரும் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள மாட்டார்கள், கடைசியில்தான் அடிதடி. அவருடைய உண்மையான வேகம் வேண்டுமா? லண்டன் 2012, 10,000 மீட்டர், 30:53.20. அது சுற்றுக்கு 74 நொடிச் சொச்சம். அப்போது வயது 38, மூத்த பிள்ளை பிறந்தாகிவிட்டது, அதுதான் அவர் வாழ்நாளிலேயே ஓடிய சிறந்த 10,000. 7-வது இடம். முன்னால் வந்த ஆறு பேரும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள்: திருனேஷ் டிபாபா, சாலி கிப்யேகோ, விவியன் செருயியோட் என்று நீ கேட்ட ஆட்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து 5000 இறுதிப் போட்டி. அதிலும் 7-வது.

கென்யாக்காரிகளோடு மோதவில்லை என்கிறாயே, ஜூரிச்சுக்குப் பத்தே நாள் முன்னால் கிளாஸ்கோ காமன்வெல்த் 5000 மீட்டரைப் போய்ப் பார். மூன்று கென்யப் பெண்கள், நடுவில் இவர். சும்மா பின்னால் ஒட்டிக்கொண்டு வரவில்லை, தானே முன்னால் போகிறார், அவர்கள் தாண்டுகிறார்கள், பின்தங்கிவிட்டார் என்று நினைக்கும்போது மறுபடி வருகிறார். கடைசியில் வெண்கலம், 15:08.96. வெள்ளி வாங்கிய ஜேனட் கிசாவுக்கு 15:08.90. நூறில் ஆறு பங்கு நொடி. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு முழத்துக்கும் குறைவு. பன்னிரண்டரைச் சுற்று ஓடி, கடைசியில் ஒரு முழம் பூ அளவு வித்தியாசம். நாலாவதாக வந்ததும் கென்யாக்காரிதான்.

வெட்டிப்பேச்சு:

சரி, முழக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒலிம்பிக் மெடல் இல்லைதானே :)

ஹாரோ சிவா:

இந்தத் திரியை இன்றைக்குத்தான் கண்டன். நான் லண்டனில் இருக்கிறன், அதனால் இரண்டு விசயம் சொல்லலாம்.

2012-இல் அந்த 10,000 மீட்டர் நடந்த இரவு நான் மைதானத்துக்குள் இருந்தேன். பிரிட்டனின் நட்சத்திர ஓட்டக்காரர் மோ ஃபாரா ஓடினது அடுத்த நாள், அதற்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இந்தப் பெண்களின் ஓட்டத்துக்குத்தான் கிடைத்தது. அப்போது எனக்குப் பேவி யார் என்றே வடிவாய்த் தெரியாது. முன்னால் ஓடுகிற கூட்டத்தைவிட அவர் கடந்து போகிற பக்கம்தான் சத்தம் கூடுதலாக வரும். அவர் சுற்றி வரச் சுற்றி வர, சத்தமும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி வெளிவீதி சுற்றும்போது மேளச் சத்தம் தள்ளிப் போய்த் திரும்பி வருமே, அப்படி.

மற்றது, மெடல் பற்றி. தம்பி வெட்டிப்பேச்சு, ஒலிம்பிக் மெடல் இல்லை, சரி. உலக சாம்பியன்ஷிப் மெடல் உண்டு. ஆனால் அதை வாங்க அவர் பத்து வருசம் காத்திருக்க வேண்டி வந்தது.

2007 ஒசாகா, 10,000 மீட்டர். புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். டிபாபா நடுவில் தடுக்கிப் பின்னுக்குப் போய், திரும்பவும் எட்டிப் பிடித்துத் தங்கம் எடுத்த அதே ஓட்டம். இரண்டாவதாக வந்தவர் துருக்கிக்காக ஓடின எல்வன் அபேலெகெசே. மூன்றாவது அமெரிக்காவின் காரா கௌச்சர். பேவி நாலாவது, கௌச்சருக்குப் பின்னால் ஒன்றே முக்கால் நொடி. நாலாவது என்றால் தெரியும்தானே, மேடையும் இல்லை, கொடியும் இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பிறகு பழைய மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது அபேலெகெசேயின் 2007 மாதிரியில் ஊக்கமருந்து இருந்தது தெரிய வந்து, அந்த வெள்ளி போய்விட்டது. பீஜிங் 2008-இல் எடுத்த இரண்டு வெள்ளியும் போனது. கௌச்சர் வெள்ளிக்கு ஏற, பேவி வெண்கலத்துக்கு ஏறினார். 2017 ஆகஸ்டில் லண்டன் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். 2007-இல் அவருக்குப் பிள்ளைகளே இல்லை, பதக்கம் கைக்கு வந்தபோது இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

வெட்டிப்பேச்சு:

அட, இது தெரியாது. சரி அண்ணை, அந்தப் பாயிண்டை வாபஸ் வாங்குகிறேன்.

ரிட்டயர்டு பி.டி. வாத்தியார்:

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது சந்தோஷம். நான் 31 வருடம் விசில் ஊதியவன், ஆகையால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவா சொன்ன கதைக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, நம் நாட்டிலேயே. சுனிதா ராணி, பஞ்சாப் பெண். 2002 பூசன் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டரில் தங்கம், 5000-ல் வெண்கலம். நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து எடுத்தார் என்று சொல்லி இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். பத்திரிகையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டது. பிறகு பார்த்தால் சோதனைக் கூடத்தில்தான் குளறுபடி, 2003 தொடக்கத்தில் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிடுங்கிய செய்தி எட்டுப் பத்தி, திருப்பிக் கொடுத்த செய்தி நாலு வரி. அந்த நாலு வரியைத் தவறவிட்ட பலர் இன்றைக்கும் டீக்கடையில் "அந்த ஊக்கமருந்துப் பொண்ணு" என்றுதான் சொல்கிறார்கள், என் காதால் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது ஓட்டக்கிறுக்கன் சொன்ன ஓட்டை விஷயம். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் வந்த பெண் பிள்ளைகளில் 14, 15 வயதில் 1500-ல் பிய்த்துக்கொண்டு ஓடியவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று மூன்று மாதத்தில் ஒன்பது பந்தயம் ஓட வைப்போம். ஸ்கூலுக்குக் கேடயம் வேண்டுமே. அதில் நானும் சேர்த்திதான், மறைக்கவில்லை. 18 வயதில் முக்கால்வாசிப் பேருக்குத் தாடை எலும்பு... மன்னிக்கவும், கீபோர்டு தானாக மாற்றுகிறது, கணுக்கால் முன் எலும்பு வலி. அதோடு சரி. அப்புறம் கல்யாணம். பேவிக்கும் முதல் பாதி இதே கதைதான். இரண்டாம் பாதிதான் நம் பிள்ளைகளுக்கு எழுதப்படவில்லை.

பிசியோ கயல்:

வாத்தியார் ஐயா, "தாடை எலும்பு" படித்துவிட்டுக் காபியைத் துப்பிவிட்டேன். நீங்கள் சொல்வது கீழ்க்கால் முன் எலும்பு, ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்பார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஓட்டக்கிறுக்கனின் "கால் தேயாமல் மிச்சம் இருந்தது" கொள்கையை என்னால் அப்படியே விட முடியவில்லை. கால் டயர் கிடையாது. எலும்பும் தசைநாணும் பயன்படுத்தினால் தேய்வதில்லை, அளவாகச் சுமை கொடுத்தால் கெட்டிப்படும், திடீரென்று அதிகச் சுமை கொடுத்தால் உடையும். விட்டுவிட்டு ஓடுவது நல்லது என்றால் நம் ஊரில் ஜனவரி ஒன்றாம் தேதி மட்டும் ஓடுகிறவர்கள் எல்லாம் ஒலிம்பிக் போயிருக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும்போதுதான் காயம் அதிகம் வருகிறது, என் கிளினிக்கில் தினமும் பார்ப்பது அதுதான்.

எனக்குப் படுவது வேறு. அவர் தூரத்தை மாற்றிக்கொண்டே போனார், பாருங்கள். 1500-ல் தொடங்கி, 2000-ல் 5000-க்கு வந்து, 2007-ல் 10,000, 2011-ல் லண்டன் மாரத்தான் 2:28:24. வயது ஆக ஆக முதலில் போவது உச்ச வேகமும் ஒரு நிமிடத்தில் உடல் இழுக்கும் அதிகபட்ச ஆக்சிஜன் அளவும்தான். குறைந்த எரிபொருளில் ஓடும் சிக்கனம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. 1500-ல் அந்த வேகமும் ஆக்சிஜனும் வேண்டும், 10,000-ல் இந்தச் சிக்கனம் கைகொடுக்கும். ஆனால் 1500-ல் 4:01.79 ஓடிய கால் என்பதால் 10,000-ன் கடைசிச் சுற்றில் அவரிடம் வேகம் மிச்சம் இருந்தது. ஜூரிச்சில் மெதுவாகப் போன பந்தயம் அவருக்குச் சாதகமாக முடிந்தது அதனால்தான். மற்றவர்கள் பலர் வெறும் நெடுந்தூரக்காரர்கள், இவர் கையில் 1500 மீட்டர் ஓட்டக்காரியின் கத்தி இருந்தது.

இன்னொன்று, பிரசவம் உடம்பை பலப்படுத்தியது என்று அடுத்து யாராவது எழுதப் போகிறீர்கள், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின்போது ரத்தத்தின் அளவு ஏறுவது உண்மை. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில் அது இறங்கிவிடும். பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் போகும், பால் நிறுத்திய பிறகுதான் திரும்பச் சேரும். இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்பைக்ஸ் போட்டு 25 சுற்று ஓடுவது வரம் அல்ல, ரிஸ்க். பேவி 2014 மே மாதம் லண்டன் ஹைகேட்டில் தேசிய 10,000 மீட்டர் பட்டத்தை 32:11-ல் ஜெயித்தபோது மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். அவர் செய்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து "மூணு மாசத்துல ஓடலாமா மேடம்" என்று கேட்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன், அவரே படித்த பிசியோ, உடம்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

ஓட்டக்கிறுக்கன்:

டயர் உவமை எனக்குப் பிடித்திருந்தது, பஞ்சர் ஆக்கிவிட்டீர்கள். தூரம் மாற்றிய விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

கோவை மல்லிகை:

ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போவேன், முதல் தடவை எழுதுகிறேன்.

எனக்கு 34 வயது. கல்லூரியில் 800, 1500 ஓடினேன், பல்கலைக்கழக அளவில் இரண்டு மெடல். பையன் பிறந்து இப்போது ஒன்பது மாதம். ஆறாவது மாதத்தில் முன்பு ஓடிய குழுவுக்குத் திரும்பிப் போனேன். அங்கே பயிற்சி தருகிறவர் மரியாதையாகத்தான் சொன்னார், "இனி எதுக்கும்மா இன்டர்வல் எல்லாம், யோகா பண்ணுங்க, வாக்கிங் போங்க." இன்டர்வல் என்றால் நடுநடுவே இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சி. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கயல் மேடம் சொன்னது எல்லாம் சரி, நான் மருத்துவரிடம் கேட்டுத்தான் ஓடுகிறேன். ஆனால் நீங்கள் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: நேரம். ஐந்து மணிக்குப் பால் கொடுத்தால் அடுத்தது ஆறரை, மிஞ்சினால் ஏழு. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஷூ மாட்டி, கிரவுண்டுக்குப் போய், வார்ம் அப் பண்ணி, ஓடி, திரும்பி, குளித்து உட்கார வேண்டும். கொஞ்சம் தாமதமானால் மார்பு கட்டிக்கொண்டு கை தூக்க முடியாது. இரண்டு உள்ளாடை போட்டும் நனைந்துவிடும், அதற்குமேல் ஒரு தளர்ந்த டீ-ஷர்ட். இது எந்தப் பயிற்சி அட்டவணையிலும் வராது. 25 சுற்றுப் பந்தயத்தை ஜெயித்தார் என்று படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, எத்தனை மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார் என்பதுதான்.

அவர் தினசரி எப்படிப் பயிற்சி எடுத்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஹாரோ சிவா:

தங்கச்சி, நல்ல கேள்வி. இங்கே பத்திரிகைகளில் அது கனக்க வந்தது. பயிற்சியாளர் வேறு யாருமில்லை, கணவர் கேவின்தான். பெரிய முகாம், மலைப்பிரதேசத்தில் மூன்று மாதம் என்றெல்லாம் பிள்ளைகளை விட்டுப் போவதில்லை. எக்சிடர் பக்கத்தில் ஹால்டன் காடு என்று ஒன்று இருக்கிறது, அங்கே குடும்பமாகப் போய்விடுவார்கள். அவர் ஓடுவார், மகன் சைக்கிளில் வருவான், மகள் தள்ளுவண்டியில். வெளியே போக முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே ட்ரெட்மில். பிள்ளைகள் எழும்பும் நேரம், படுக்கும் நேரம் பார்த்துத்தான் அன்றைய ஓட்டம். இதனால் மனம் லேசாக இருந்தது என்றும் ஓட்டம் நன்றாக வந்தது என்றும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வெட்டிப்பேச்சு:

அதனால்தானே "சூப்பர் அம்மா" என்று பட்டம் கொடுத்தார்கள். அருமையான பட்டம். எல்லா அம்மாக்களும் தெய்வம்தான் சார்.

கோவை மல்லிகை:

தெய்வம் எல்லாம் வேண்டாம் சகோ, குழந்தையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ள ஆள் போதும்.

பிசியோ கயல்:

மல்லிகை, இதற்கு நூறு லைக். வெட்டிப்பேச்சுக்கு ஒரு கேள்வி: லண்டன் 2012-ல் இரண்டு தங்கம் வாங்கிய மோ ஃபாராவுக்கு அந்த மாதமே இரட்டைக் குழந்தை பிறந்தது. யாராவது "சூப்பர் அப்பா" என்று தலைப்புப் போட்டு அவர் எப்படி டயப்பர் மாற்றுகிறார் என்று பேட்டி எடுத்தார்களா? அவரைப் பற்றி எழுதும்போது மைலேஜ், மலைப் பயிற்சி, கடைசிச் சுற்று வேகம். பேவியைப் பற்றி எழுதும்போது தள்ளுவண்டி. நாமும் இந்தத் திரியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், நான் உட்பட.

ஓட்டக்கிறுக்கன்:

கயல், நியாயம். ஆனால் அவர் எழுதிய சுயசரிதைக்கே "இந்த அம்மா ஓடுகிறாள்" என்கிற அர்த்தத்தில்தான் பெயர். அந்த அடையாளத்தை அவரே சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. தள்ளுவண்டியை நாம் மறைத்தால் மல்லிகை கேட்ட கேள்விக்குப் பதிலே இருக்காது. அடையாளம் பிரச்சினையில்லை, 14:39.96-ஐ யாரும் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. 2006 பிரஸ்ஸல்ஸ், 5000 மீட்டர். அதே வருடம் மெல்போர்ன் காமன்வெல்த்தில் வெள்ளி. குழந்தை பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னாலேயே அவர் உலகத் தரம்.

ரிட்டயர்டு பி.டி. வாத்தியார்:

நீண்ட காலம் ஓடியவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மரியா முதோலாதான். மொசாம்பிக். 1988 சியோலில் 15 வயதுப் பெண்ணாக வந்து 800 மீட்டர் ஓடினார், 2008 பீஜிங்கில் இறுதிப் போட்டியில் 5-வது. ஆறு ஒலிம்பிக், நடுவில் சிட்னியில் தங்கம். அதுவும் 800 மீட்டரில்! கயல் சொன்னபடி பார்த்தால் வயது முதலில் கடிப்பது அந்தத் தூரத்தில்தானே. அவர் தூரத்தை மாற்றவே இல்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் டாக்டரம்மா?

பிசியோ கயல்:

டாக்டரம்மா இல்லை ஐயா, பிசியோதான். முதோலா கேஸ் என் கட்சிக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பீஜிங்கில் அவருக்கு 35. பேவி தன் சிறந்த 10,000-ஐ ஓடியதே 38-ல். அந்த 35-க்கும் 40-க்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா, முதோலாவின் காலம் தொடர்ச்சியான நீளம், வருடா வருடம் மேலே. பேவியின் காலம் ஒட்டுப்போட்ட நீளம். இரண்டும் வேறு வேறு திறமை. தொடர்ந்து ஓடுவதற்கு உடம்பு வேண்டும், திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கு வேறு ஏதோ வேண்டும், அதற்கு எங்கள் பாடத்தில் பெயர் இல்லை.

ஓட்டக்கிறுக்கன்:

யோசித்துவிட்டு வந்தேன்.

என் முதல் பதிவின் கொள்கையை முழுசாகக் கைவிடவில்லை, ஆனால் திருத்துகிறேன். நேற்று 2011, 2012 பக்கம் கொஞ்சம் கிளறினேன். லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர் மாரத்தான் ஓட ஆசைப்பட்டிருக்கிறார். பிரிட்டனுக்கு மூன்றே இடம். கிளேர் ஹாலிஸி என்ற இன்னொரு பெண் அவர் நேரத்தைவிடச் சில நொடிகள் குறைவாக ஓடி அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். 2:28:24 எதிரே 2:27:44. நாற்பது நொடி. நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் நாற்பது நொடி என்பது ஒரு தடவை தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டு எடுக்கிற நேரம். வேறு யாராவது என்றால் 38 வயதில் "சரி, போதும்" என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இவர் ட்ராக்குக்குத் திரும்பி வந்து, ஹெல்சின்கியில் ஐரோப்பிய வெள்ளி வாங்கி, லண்டனில் இரண்டு இறுதிப் போட்டி ஓடினார்.

அதாவது மாரத்தான் இடம் கிடைத்திருந்தால் அந்த 30:53 இல்லை. ட்ராக்கை விட்டே போயிருப்பார், 2014 ஜூரிச்சும் இருந்திருக்காது. அதனால் ஓட்டை விழுந்ததால் கால் மிச்சமாகவில்லை, கயல் சொன்னது சரி. ஒவ்வொரு தடவை கதவு சாத்தியபோதும் பக்கத்துக் கதவைத் தட்டினார், அது ஒவ்வொரு தடவையும் வேறு தூரமாக இருந்தது. இவ்வளவு தூரம்தான் நான் இறங்கி வருவேன்.

2016-ம் அப்படித்தான். மே மாதம் தகுதிப் பந்தயத்தில் உடம்பு சரியில்லாமல் சொதப்பினார். எல்லோரும் முடிந்தது என்றார்கள். ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் ஐரோப்பியப் போட்டியில் 31:34 ஓடி 5-வது வந்து, கடைசி நேரத்தில் ரியோ டிக்கெட். அங்கே 15-வது, 31:33. வயது 42. ஐந்து ஒலிம்பிக் ஓடிய முதல் பிரிட்டிஷ் ட்ராக் ஓட்டக்காரர். மெடல் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட வராது, தெரியும் வெட்டி, நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

வெட்டிப்பேச்சு:

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. நேற்று ராத்திரி நானும் கிளாஸ்கோ பந்தயத்தைப் பார்த்தேன். கடைசி நூறு மீட்டரில் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

ரிட்டயர்டு பி.டி. வாத்தியார்:

நம் பி.டி. உஷாவும் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகித் திரும்பி வந்து 1998-ல் புகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்பில் மெடல் வாங்கினார். அவர் குறுந்தூரம், இந்தத் திரிக்கு வெளியே. ஆனாலும் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

மல்லிகை, உனக்கு ஒன்று. 400 மீட்டர் ரிப்பீட் ஆறு, நடுவில் இரண்டு நிமிடம் நடை. வார்ம் அப், கூல் டவுன் சேர்த்து 45 நிமிடத்தில் முடிந்துவிடும். பால் நேரத்துக்குள் வீட்டில் இருக்கலாம். கயலிடம் கேட்டுவிட்டுச் செய்.

பிசியோ கயல்:

இடுப்பு, அடிவயிறு வலி இல்லை, ஓடும்போது சிறுநீர்க் கசிவு இல்லை என்றால் செய்யலாம். முதல் வாரம் ஆறு வேண்டாம், நாலு. முழு வேகம் வேண்டாம்.

கோவை மல்லிகை:

இரண்டுமே இல்லை மேடம். நாளை ஞாயிறு. ஹால்டன் காடு இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒரு மண் கிரவுண்டு இருக்கிறது. இவரையும் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தள்ளுவண்டி அங்கே உருளாது, தோளில்தான் தூக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து நிறுத்துகிறேன், என்ன ஆகிறது என்று வந்து சொல்கிறேன்.

கோவை மல்லிகை:

போய் வந்தோம். நாலு 400. முதல் இரண்டு 98, 96. மூன்றாவது முடிகிற இடத்தில் பையன் அவர் சட்டையில் பாலைக் கக்கிவிட்டான், துடைக்கிற அவசரத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்துவிட்டார். நாலாவது ஓடி முடிக்கும்போது இரண்டு பேரும் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தார்கள். அதனால் அதற்கும் டைம் கிடையாது. வேகமாக ஓடினேன் என்று நான்தான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.